என் சங்கிலிக்குப் பூசிய தங்கம்

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் முழுசாகப் பிடிப்பதில்லை. கை குலுக்கினால் விரல் நுனியை நீட்டுகிறார்கள். கதவைச் சாத்தினால் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். சர்ச்சில் பாட்டுப் புத்தகம் ஒரு கையில், போன் இன்னொரு கையில். வேலை பாதிகூட ஆகியிருக்காது, அதற்குள் கைதட்டல், கும்மாளம், போட்டோ. அர்கன்சாஸில் எங்கள் ஹஸ்கின் ஊர்க் கல்லூரியின் கால்பந்து அணி இந்த வருஷம் நாசமாய்ப் போனதற்கும் இதுதான் காரணம். படித்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். சொல்லட்டும். காரணம் சொல்லத்தானே சம்பளம் வாங்குகிறார்கள்.

பெயர்தான் கால்பந்து. காலுக்கு ஓடுவதைத் தவிர அதிக வேலை கிடையாது. ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நம் எல்லைக்கோட்டைப் பார்த்து ஓடி வருவான். அவனைக் கட்டிப்பிடித்து மண்ணில் சாய்க்க வேண்டும். தடுப்பாட்டம் என்றால் இவ்வளவுதான். எங்கள் பையன்கள் இந்த வருஷம் ஓடி வருகிறவனைத் தட்டினார்கள், உரசினார்கள், தடவிக் கொடுத்தார்கள். சாய்க்கவில்லை. பழைய மாணவர்கள் எல்லாரும் ஊருக்கு வந்திருந்த நாளில், டெக்சஸிலிருந்து வந்த ஒரு நோஞ்சான் பையன் எங்கள் தடுப்பு வரிசைக்கு நடுவே சந்தைக்குப் போகிறவன் மாதிரிப் போய்விட்டு வந்தான். அர்கன்சாஸில் பிறந்தவன் எவனும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது. நான் எழுந்து நின்று கத்தியதில் தொண்டை ஒரு வாரம் போய்விட்டது.

இதில் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல் உண்டு. தடுப்பாட்டத்துக்குக் கோச், என் மாப்பிள்ளை ட்ராய்.

கோச்சின் பிழைப்பு கூடாரம் போடுகிற சர்க்கஸ்காரன் பிழைப்பு. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என் ஒரே மகள் டார்லா கல்யாணம் ஆனதிலிருந்து அவன் பின்னால் கான்சாஸ் போனாள், டென்னசி போனாள், பிறகு என் வாயில் நுழையாத ஏதோ ஓர் ஊருக்குப் போனாள். எந்த வீட்டிலும் ஜன்னல் திரை வெளுக்கும்வரை அவள் இருந்ததில்லை. கடைசியில் சொந்த ஊரிலேயே அவனுக்கு வேலை கிடைத்தது. என் மனைவி போன பிறகு வீட்டில் நானும் தம்பி ஹாய்ட்டும்தான். நான் பேச மாட்டேன். ஹாய்ட் பேசினால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பான். டார்லா தெருக்கோடியில் குடி வந்த பிறகுதான் என் சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. அதற்கும் இப்போது ஆபத்து வந்தது. கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவர் ட்ராயைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை லெஸ்டர் கல்லூரியோடு கடைசி ஆட்டம், அதில் தோற்றால் வேறு வேலை பார்த்துக்கொள்.

ஆகவே சனிக்கிழமைக்கு மறுநாள் என் மகள் அட்டைப்பெட்டி தேடுவாளா, மாட்டாளா என்பதுதான் எனக்கு ஆட்டம். மற்றபடி லெஸ்டர்காரன் ஜெயித்தால் என்ன, நாசமாய்ப் போனால் என்ன.

முதலில் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பைன் கட்டை லாரி ஓட்டியவன். கட்டை உருளாமல் இறுக்கிக் கட்டுகிற இரும்புச் சங்கிலி ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு நாளும் அது என்னைக் கைவிட்டதில்லை. போன வருஷம் டார்லா வந்து, "அப்பா, டீம் பேரே மரவெட்டிகள். உங்க சங்கிலியைக் குடுங்க, ஒரு அடையாளமா வெச்சுக்கட்டும்" என்றாள். சுவரில் மாட்டுவார்கள் என்று நினைத்துக் கொடுத்தேன். கொக்கியோடு ஒரு துண்டை அறுத்தார்கள். அதற்குத் தங்க நிறப் பெயின்ட் அடித்தார்கள். ஆட்டத்தில் எவன் எதிராளி கையிலிருக்கும் பந்தைக் குத்தியோ பிடுங்கியோ பறிக்கிறானோ, அவன் கழுத்தில் அதை மாட்டிவிடுகிறார்கள். அவன் ஓரத்தில் நின்று குதிப்பான். பேண்டு வாசிப்பார்கள். கேமராக்காரன் ஓடி வருவான். பெரிய கல்லூரிகளில் எல்லாம் இப்படி ஏதோ ஒன்று வைத்திருக்கிறார்களாம், நாமும் வைக்க வேண்டுமாம்.

விளைவு என்ன? ஒரு பயலும் ஆளைப் பிடிப்பதில்லை. எல்லாப் பயலும் பந்தைக் குத்துகிறான். குத்து தவறினால் ஆள் ஓடிப்போய்விடுகிறான். மரத்தைக் கட்டின சங்கிலி, மனுஷனைக் கட்டவிடாமல் பண்ணிவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் ஹாய்ட்டைக் கூட்டிக்கொண்டு பயிற்சி மைதானத்துக் கம்பிவேலி ஓரம் போய் நின்றேன். உள்ளே சக்கரம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இடுப்பு உயரத்துக்கு நுரை ரப்பரில் செய்த சக்கரம். ஒருவன் உருட்டி விடுவான். இன்னொருவன் ஓடிப்போய்த் தோளால் மோதி, இரண்டு கையாலும் கட்டி, அதோடு சேர்ந்து உருண்டு விழுவான். தலை குறுக்கே வரவே கூடாதாம், பின்னால் ஒதுங்கி இருக்க வேண்டுமாம். பயிற்சியில் ஆளை ஆள் சாய்ப்பது கிடையாது. அடிபட்டுவிடுமாம். கால்பந்து ஆட வந்தவனுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்!

"ட்ராய்!" என்றேன். "சனிக்கிழமை லெஸ்டர்காரன் சக்கரத்தையா உருட்டிவிடப் போறான்?"

ட்ராய் விசிலை வாயிலிருந்து எடுத்தான். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. "மிஸ்டர் டெல்பர்ட், இன்னைக்கு வேணாம் சார்."

"பின்ன என்னைக்கு? ஞாயித்துக்கிழமையா? அன்னைக்கு நீ பெட்டி கட்டிக்கிட்டிருப்ப."

பையன்கள் சிரித்தார்கள். அவர்களில் டெமாரியஸ் என்று ஒருவன், மிசிசிப்பிக்காரன். தடுப்பு வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்பவன். தோள் அலமாரி அகலம், வாய் அதைவிட அகலம். என் சங்கிலியை அதிகம் மாட்டிக்கொண்டு குதித்தவனும் அவன்தான்.

"மிஸ்டர் டெல்பர்ட், உங்க காலத்துல சக்கரமே கண்டுபிடிக்கல போல?" என்றான்.

"எங்க காலத்துல பிடிச்சா விழுவான்டா. உன்கிட்ட வந்தா வழி கேட்டுட்டுப் போறான்."

"ஓஹோ! போன வாரம் நான் பந்தைப் பிடுங்கினது கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. ஒருத்தன்கிட்ட பிடுங்கின, மத்தவனையெல்லாம் வழியனுப்பி வெச்ச. அதுவும் பட்டுச்சு."

"டெமாரியஸ், போதும். வரிசைக்குப் போ" என்றான் ட்ராய்.

நான் விடவில்லை. "கேளுடா. உன் நெத்தியை அவன் நெஞ்சுக்குக் குறுக்க குடு. முகம் முகத்தோட மோதணும். எலும்பு சத்தம் மேல உக்காந்திருக்கிறவனுக்குக் கேக்கணும். எங்க பழைய கோச் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. இதோ நிக்கிறான் பாரு என் தம்பி, இந்தக் காலேஜுக்கு ஆடினவன். இவன் மோதினா எதிராளி எந்த ஊர்க்காரன்னு அவனுக்கே மறந்துபோகும்."

நான் பத்தாவதோடு மரம் அறுக்கிற மில்லுக்குப் போய்விட்டவன். ஹாய்ட்தான் கல்லூரிவரை போனான், படிக்க அல்ல, மோதத்தான். ஊரே அவனுக்காக வரும். அந்தப் பெருமையில் பேசிக்கொண்டிருந்த நான், வேலிக் கதவு திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஹாய்ட் இல்லை.

உருண்டு வந்த ஒரு சக்கரத்தைப் பார்த்து அவன் ஓடிக்கொண்டிருந்தான். எழுபதைத் தாண்டியவன். தொப்பி பின்னால் விழுந்தது. ஓடுகிறபோது அவன் உடம்பு மெல்லமெல்லத் தாழ்ந்தது. தோள் இறங்கியது, தலை இறங்கியது, நெற்றி முன்னால் வந்தது. பெயர் மறந்துவிட்டது, தேதி மறந்துவிட்டது, அது மட்டும் மறக்கவில்லை. நெற்றியால் நேராகப் போய் மோதினான். சக்கரம் ஒரு பக்கம் துள்ளியது. அவன் மறுபக்கம் மல்லாந்தான்.

ட்ராய்தான் முதலில் ஓடினான். "மிஸ்டர் ஹாய்ட், அசையாதீங்க. என் விரலைப் பாருங்க சார். இங்க பாருங்க."

ஹாய்ட் வானத்தைப் பார்த்துச் சிரித்தான். "சாய்ச்சுட்டேனா?"

டெமாரியஸ் அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். "சாய்ச்சுட்டீங்க சார். இனிமே அவன் எந்திரிக்க மாட்டான்."

"யாரு ஜெயிக்கிறா?"

"நாமதான் சார்."

பையன்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் வேலியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். "என்னடா பாக்கறீங்க? புல்லு ஈரம். கால் வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்" என்றேன்.

அன்று டார்லா வீட்டில் சாப்பாடு. பீன்ஸ், சோளரொட்டி. ஹாய்ட் நெற்றியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு முன் அறையில் டிவி பார்த்தான். டார்லா என் தட்டை வைத்த சத்தத்திலேயே விஷயம் தெரிந்தது.

"அப்பா, சித்தப்பாவுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

"மில்லு. ரம்பச் சத்தம், மரத்தூளு. மூளைக்குள்ள போயிடும்."

"நீங்களும் அதே மில்லுலதானே இருந்தீங்க?"

"நான் சீக்கிரமே லாரிக்குப் போயிட்டேன். அவன் ரம்பத்துக்குப் பக்கத்துலயே நின்னான்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் எந்த டீமுக்கு ஆடினான்?"

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியருகே திரும்பி நின்றாள். அதுவரை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ட்ராய் நிமிர்ந்தான்.

"மிஸ்டர் டெல்பர்ட், நெத்தியால மோதினா இப்ப ஆட்டத்தை விட்டே வெளிய அனுப்பிடுவாங்க. அதை விடுங்க. அனுப்பாட்டியும் நான் சொல்லிக் குடுக்க மாட்டேன். வேலை போனாப் போகட்டும்."

"வேலை உன்னுது. பொண்ணு என்னுது."

"எனக்கும் அவ பொண்டாட்டி சார்."

இப்படி எதிர்த்துப் பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். "சரி. தலையை எங்கயோ வெச்சுத் தொலை. அந்தச் சங்கிலியையாவது தூக்கிப் போடு. அது இருக்கிறவரைக்கும் இவனுங்க கை பந்து மேலதான் போகும்."

ட்ராய் பீன்ஸைக் கரண்டியால் ஒதுக்கினான். அவனுக்கும் அது தெரியும் என்று முகம் சொன்னது. "என் கையில இல்ல சார். துறைத் தலைவருக்கு அது உசிரு. சட்டையில படம் போட்டு விக்கிறாங்க. தோத்துக்கிட்டே இருக்கிற பசங்களுக்கும் அது ஒண்ணுதான் சந்தோஷம்."

"அது என் சங்கிலி."

"குடுத்துட்டீங்களேப்பா" என்றாள் டார்லா, திரும்பாமலே.

"கட்டுறதுக்குக் குடுத்தேன். கழுத்துல மாட்டிக்கிட்டுக் குதிக்கறதுக்குக் குடுக்கல."

வெள்ளிக்கிழமை சர்ச் கூடத்தில் அணிக்கு விருந்து. கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஊர்க்காரர்கள் பொரித்த கெளுத்தி மீனும் முட்டைக்கோஸும் போடுவது எங்கள் பழக்கம். மேடையில் நீல வெல்வெட் துணி விரித்து அதன்மேல் சங்கிலியை வைத்திருந்தார்கள், ஏதோ ராஜா செத்துக் கிடக்கிற மாதிரி. துறைத் தலைவர் மைக்கைப் பிடித்தார். பளபளவென்று கோட்டு போட்ட ஆள். அர்கன்சாஸுக்கு வந்து ஐந்து வருஷமாகியும் கெளுத்தியைக் கத்தி வைத்து வெட்டிச் சாப்பிடுகிறவர்.

"நண்பர்களே, இந்தச் சங்கிலிதான் நம்ம இதயம்" என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன். மீன் தட்டை ஹாய்ட் பக்கம் தள்ளிவிட்டு மேடை ஏறினேன். சங்கிலியை எடுத்துத் தோளில் போட்டேன். தங்கப் பெயின்ட் உதிர்ந்து சட்டையில் ஒட்டியது.

"சார், அது கல்லூரிச் சொத்து" என்றார் அவர், மைக்கிலேயே. கூடம் முழுக்கக் கேட்டது.

"கொக்கியைப் பாரு. என் பேரோட முதல் எழுத்து உளியில வெட்டியிருக்கு. உன் பேரு எங்க இருக்கு? வேணும்னா ஷெரீஃபைக் கூப்பிடு. அவன் என் மச்சினன் மகன், அதோ மீன் தின்னுக்கிட்டிருக்கான்."

ஷெரீஃப் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. கெட்டிக்காரன்.

வாசல் பக்கம் டெமாரியஸ் வழிமறித்து நின்றான். சிரிக்கவில்லை. "மிஸ்டர் டெல்பர்ட், இந்த வருஷம் பூரா எங்களுக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். வெச்சிட்டுப் போங்க சார்."

"வந்து பிடுங்கு. அது நல்லாத்தானே வரும் உனக்கு."

அவன் கை மடங்கியது. ட்ராய் தூரத்திலிருந்து தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. டெமாரியஸ் ஒதுங்கி வழி விட்டான். விட்டதற்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் இன்னும் கோபம். அவன் என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தால்கூட எனக்கு நம்பிக்கை வந்திருக்கும்.

சங்கிலியை என் வண்டிக்குள் போட்டுக் கதவைச் சாத்தும்போது டார்லா ஓடி வந்தாள்.

"ஊரே பாக்க உங்க மாப்பிள்ளையை அசிங்கப்படுத்திட்டீங்க. நாளைக்குத் தோத்தா, இவர் மாமனார்தான் டீமைக் குலைச்சாருன்னு அதையும் அவர் தலையில கட்டுவாங்க. நாங்க இந்த ஊரை விட்டுப் போகணும், அதுதானே உங்களுக்கு வேணும்?"

"நீ போகக் கூடாதுன்னுதான்டி செய்யறேன்!"

நான் கத்தியது சர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. டார்லா என்னைப் பார்த்தபடியே நின்றாள். இந்த வார்த்தையை இதுவரை நான் அவளிடம் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதற்கும் கோபம் வந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

சனிக்கிழமை மழை. படிவரிசையில் நான், ஹாய்ட், அவனுக்கு அந்தப் பக்கம் டார்லா. அவள் என்னோடு பேசவில்லை. ஹாய்ட் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டிருந்தான்: "யாரு ஜெயிக்கிறா?"

ஆரம்பத்திலேயே லெஸ்டரின் ஓட்டக்காரன் நடுவில் புகுந்து வந்தான். கட்டைபோல உடம்பு, குட்டை, முழங்கால் மார்புவரை ஏறுகிற ஓட்டம். டெமாரியஸ் எதிரே நின்றான். பிடித்திருக்கலாம். பந்தைக் குத்தினான். குத்து காற்றில் போனது. ஓட்டக்காரன் மைதானத்தின் மறுகோடி வரை போய் எல்லையைத் தொட்டுவிட்டுத்தான் நின்றான். டெமாரியஸ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரத்துக்கு வந்தான். அவன் கை தானாகவே கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை.

எனக்குப் பின்னால் மழைக்கோட்டு போட்ட ஒருவன் கத்தினான்: "கோச் வீட்டம்மா! பெட்டி கட்டியாச்சா, இல்ல ஆள் அனுப்பட்டுமா?"

டார்லா மைதானத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. நான் திரும்பினேன்.

"நீ முதல்ல உன் பல்லைப் பெட்டியில கட்டி வெச்சுக்க. இன்னொரு வார்த்தை வந்துச்சுன்னா அதுக்கு வேலை இருக்கும்."

"உங்க மாப்பிள்ளையைப் பத்தி நீங்களே கிழிக்கிறீங்களே தாத்தா!"

"நான் கிழிப்பேன். நீ யாரு?"

மாப்பிள்ளையைத் திட்டுவது வீட்டுக்காரன் பாத்தியதை. ஊரானுக்கு அதில் பங்கு கிடையாது.

ட்ராய் ஓரத்தில் டெமாரியஸின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னான். கத்தவில்லை. சொல்லிவிட்டுத் தோளைத் தட்டினான், அவ்வளவுதான். அதற்கப்புறம் டெமாரியஸ் ஓடுகிறவனின் தொடையைக் கட்ட ஆரம்பித்தான். மற்றவர்களும் கட்டினார்கள். அழகாக இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒருவனைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு விழுந்தார்கள். ஆனால் விழுந்தார்கள், அவனும் விழுந்தான். சங்கிலியை எடுத்ததால்தான் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். டார்லாவிடமும் சொல்லியிருப்பேன், அவள்தான் பேச்சுவார்த்தையில் இல்லையே.

எங்கள் பக்கம் பந்து கிடைத்தபோதெல்லாம் புள்ளி வித்தியாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, கடைசியில் மூன்று புள்ளி முன்னால் வந்துவிட்டோம். பந்து லெஸ்டர் கையில். மழை கொட்டுகிறது. அவர்கள் அடித்துத் தள்ளி எங்கள் எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜம் வரை வந்துவிட்டார்கள். கடைசி முயற்சி. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்துச் சமன் செய்ய அவர்களுக்கு மனசில்லை. எங்களிடம் யார்தான் புகுந்து போகவில்லை, அவர்கள் ஏன் உதைக்கப் போகிறார்கள்? அந்தக் குட்டை ஓட்டக்காரன் பின்னால் நின்று கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். அவன் கோட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது, என் மகளும் போனாள்.

டார்லா ஹாய்ட்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஜனம் முழுக்க எழுந்து நின்றது.

பந்து நகர்ந்தது. ஓட்டக்காரன் பந்தை வாங்கி வயிற்றில் அமுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தான். வரிசையில் ஒரு சந்து திறந்தது. டெமாரியஸ் அந்தச் சந்துக்கு ஓடி வந்தான்.

"நெத்தியைக் குடுடா!" என்று நான் கத்தினேன். "குறுக்க குடு! மோது!"

அப்போது என் காதோரம் இன்னொரு குரல் வெடித்தது.

"தலையைத் தூக்கு! பையா, தலையைத் தூக்குடா!"

ஹாய்ட். 'யாரு ஜெயிக்கிறா' என்று கேட்கிற குரல் அல்ல. பல வருஷமாக நான் கேட்காத குரல். கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு கையையும் நீட்டி, முன்னால் விழப்போகிறவன் மாதிரி நின்று கத்தினான். கண்ணில் தண்ணீரா மழையா, எனக்குத் தெரியாது.

கீழே டெமாரியஸ் தலையைத் தூக்கிக்கொண்டுதான் போனான். இந்தச் சத்தம் அவனுக்கு எங்கே கேட்டிருக்கப் போகிறது. தோளை ஓட்டக்காரன் இடுப்பில் கொடுத்து, இரண்டு கையையும் தொடைக்குப் பின்னால் பூட்டி, கன்னத்தை அவன் பின்பக்கம் ஒட்டவைத்து, அப்படியே பக்கவாட்டில் உருண்டான். ஓட்டக்காரன் அவனோடு சேர்ந்து சக்கரம் மாதிரிச் சுழன்று சேற்றில் விழுந்தான். பந்தை நீட்டினான். வெள்ளைக் கோடு அவன் விரலுக்கு ஒரு சாண் அந்தப் பக்கம் இருந்தது. நடுவர் கையை ஆட்டினார், இல்லை என்று.

அப்புறம் எழுந்த கூச்சலைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. டார்லா ஹாய்ட்டைக் கட்டிக்கொண்டாள், பிறகு என்னையும் கட்டிக்கொண்டாள், பேச்சுவார்த்தை இல்லை என்பதை மறந்து.

நாங்கள் கீழே இறங்கி வேலிக்குப் போனபோது ட்ராய் முழங்கால்வரை சேற்றோடு வந்தான். பத்து வயது குறைந்தவன் மாதிரி இருந்தான். துறைத் தலைவர் அவன் கையைக் குலுக்கி, அடுத்த வருஷத்தைப் பற்றித் திங்கட்கிழமை உட்கார்ந்து பேசலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். டார்லா அழுதாள். சரி, அழட்டும்.

"சக்கரம், மிஸ்டர் டெல்பர்ட்" என்றான் ட்ராய், மூச்சு வாங்க. "பாத்தீங்கல்ல? தோளு, பிடி, உருட்டு. புதன்கிழமை செஞ்ச அதே வேலைதான்."

"வழுக்கிட்டான்."

"யாரு?"

"லெஸ்டர்காரன். மழை, சேறு. கால் போயிடுச்சு."

டெமாரியஸ் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தவன் வாயைப் பிளந்தான். "வழுக்கினானா! மிஸ்டர் டெல்பர்ட், என் தோளைப் பாருங்க, அவன் இடுப்பெலும்பு அச்சு விழுந்திருக்கு!"

"சேத்துல எல்லாருக்கும்தான் அச்சு விழும்."

"அம்மா வயித்துலேர்ந்தே இப்படித்தான் வந்தீங்களா சார்?" என்று அவன் கேட்க, பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

துறைத் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சார், அந்தச் சங்கிலி வண்டியில இருக்கா? ஒரே ஒரு போட்டோ."

"எதுக்கு? பந்தை எவன் பறிச்சான்? ஆளைத்தானே சாய்ச்சான்."

"அது... ஒரு சந்தோஷத்துக்கு."

"சந்தோஷம் சங்கிலியில்லாமதான் வந்துச்சு" என்றேன். ட்ராய் தரையைப் பார்த்தான். அந்த ஒன்றில் எனக்கும் அவனுக்கும் சண்டை இல்லை என்று நினைக்கிறேன். அவன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். நானும் கேட்க மாட்டேன்.

டார்லா மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, சித்தப்பா கத்தினாரே, கேட்டீங்களா?"

"கூட்டத்துல எல்லாரும்தான் கத்தினாங்க."

"தலையைத் தூக்குன்னு கத்தினாரு."

"முன்னாடி ஒருத்தன் குனிஞ்சு பாப்கார்ன் பொறுக்கிக்கிட்டிருந்தான். அவனைச் சொன்னான்."

"அப்பா."

"நான் பக்கத்துல நின்னவன். எனக்குத் தெரியாதா?"

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. ஹாய்ட் வேலிக்கம்பியில் வழிகிற மழைத்தண்ணீரை விரலால் தடுத்துத் தடுத்து விளையாடிக்கொண்டிருந்தான். நெற்றியில் புதன்கிழமை வீக்கம் இன்னும் மஞ்சளாக இருந்தது. அவன் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்க சார்!" என்று ட்ராய் பின்னால் கத்தினான். "வீடியோ போட்டு நிறுத்தி நிறுத்திக் காட்டறேன். வழுக்கினானா இல்லையான்னு பாத்துடலாம்!"

"சாப்பிட வர்றேன். வீடியோவை நீயே பாத்துக்க."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னேன். வண்டி நிறுத்தியிருந்த இடம் தூரம். மழை விடவில்லை. ஹாய்ட் நடுவழியில் நின்றான்.

"யாரு ஜெயிச்சா?"

"நாமதான்."

"எப்படி?"

"அவன் வழுக்கிட்டான்டா."

ஹாய்ட் தலையை மெதுவாக இடதும் வலதும் ஆட்டினான். நான் அவனை வண்டியில் ஏற்றிக் கதவை இரண்டு தடவை இழுத்துச் சாத்தினேன். காலடியில் சங்கிலி கிடந்தது. நாளைக்குக் கம்பித் தூரிகை வைத்து அந்தப் பெயின்ட்டை முழுக்கச் சுரண்டிவிட வேண்டும்.

வழுக்கித்தான் விழுந்தான். என் கண்ணால் பார்த்தேன்.